ரெண்டாங்கிளாஸ் பையனால ஒரே நேரத்துல ரெண்டு வேலை செய்ய முடியல, இது நார்மலா?

ஈரோடு அம்மா:
வணக்கம் பிரெண்ட்ஸ். பையனுக்கு 7 வயசு. காலையில "சாக்ஸ் போடு, டிபன் பாக்ஸ எடுத்து பேக்ல வை, வாட்டர் பாட்டில மறக்காத"ன்னு சொன்னா, ஒரு சாக்ஸப் போட்டுட்டு இன்னொன்ன கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். ஷூ லேஸ் கட்டும்போது ஏதாவது கேட்டா கை நின்னுடுது, பதில் சொல்லிட்டு மறுபடி முதல்ல இருந்து கட்றான். என் கொழுந்தனுக்கு 21, பாட்டு கேட்டுக்கிட்டே ரெக்கார்ட் எழுதி நடுவுல வாட்ஸ்அப்பும் பாக்குறான். மாமியார் "சித்தப்பாவப் பாரு, நீ ஏன்டா இப்படி மந்தமா இருக்க"ன்னு சொல்றப்போ பையன் முகம் சுருங்கிப் போகுது, எனக்குத் தாங்கல. டாக்டர்கிட்ட காட்டணுமா?

மூணாப்பு டீச்சர்:
பயப்படாதீங்கம்மா, தயவுசெஞ்சு அவன் முன்னாடி மந்தம்ங்கிற வார்த்தைய மட்டும் யாரையும் சொல்ல விடாதீங்க. டிக்டேஷன் போடும்போது தினம் பாக்குறேன், "வண்ணம்"னு சொன்னா மூணு சுழியா ரெண்டு சுழியான்னு யோசிச்சு எழுதிக்கிட்டு இருக்கும்போதே நான் அடுத்த வார்த்தைக்குப் போயிட்டா அது அவங்க காதுலயே விழாது. காலேஜ் பையனுக்கு எழுத்து கைப்பழக்கம், யோசிக்கவே வேணாம், அதனால காது சும்மா இருக்கு பாட்டு கேக்குது. உங்க பையனுக்கு லேஸ் கட்றதே இப்போ முழு வேலை. கிளாஸ்லயும் இப்படித்தான்னு அவன் டீச்சர் சொன்னா, இல்ல கூப்பிட்டா திரும்பலன்னா, காதையும் ஒருதடவ செக் பண்ணிட்டு டாக்டரப் பாருங்க.

சைக்காலஜி ஸ்டூடண்ட்:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். ஒரு வேலைய நிறுத்தி இன்னொண்ணுக்கு மாற்றத கவனிச்சுக்கிறதுல நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதிக்கு பெரிய பங்கு, அது முழுசா வளர இருபத்தஞ்சு வயசு வரைக்கும் கூட ஆகுது. ஃபிலிப் ஜெலாசோன்னு ஒரு ஆராய்ச்சியாளரோட கார்டு விளையாட்டு இருக்கு. முதல்ல கலர் பாத்து பிரிக்கச் சொல்வாங்க, அப்புறம் படத்தோட வடிவம் பாத்து பிரிக்கச் சொல்வாங்க. 3 வயசுக் குழந்தைகள்ல நிறைய பேர் புது ரூல் என்னன்னு கேட்டா சரியா சொல்லும், ஆனா கை பழையபடி கலர் பாத்துதான் வைக்கும். 5 வயசுல பெரும்பாலும் மாத்திடுவாங்க, வேகம் வர இன்னும் பல வருஷம். அதனால காதுல வாங்காம திமிரு பண்றான்னு நினைக்காதீங்க.

கொழுந்தன் எழுதுறதையும் வாட்ஸ்அப் பாக்குறதையும் சேத்து செய்யல, மாறி மாறிதான் செய்றாரு. ஒவ்வொரு தடவ மாறும்போதும் கொஞ்சம் நேரம் போகுது, தப்பும் வருது. 2009ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணிப் பாத்தப்போ எப்பவும் டிவி, கம்ப்யூட்டர்னு நாலஞ்ச ஒரே நேரத்துல சேத்துப் பாக்குற ஸ்டூடண்ட்ஸ்தான் வேலை மாத்துற டெஸ்ட்ல பின்தங்கினாங்க.

நாகர்கோவில்காரன்:
எங்க ஊர் செய்குத்தம்பி பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானம் செஞ்சாரு, நூறு விஷயத்துல ஒரே சமயம் கவனம். அதுக்குப் பின்னாடி இருந்தது எத்தனை வருஷப் பயிற்சி! ஏழு வயசுப் புள்ளகிட்ட போய் அத எதிர்பாக்கலாமா?

ஈரோடு அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு சொன்னேன், லேஸ் கட்டும்போது வாயே தொறக்கல, வேன் வர்றதுக்குள்ள ரெடி ஆயிட்டான். சாயங்காலம் கொழுந்தன் ரெக்கார்ட வாங்கிப் பாத்தேன், ஒரே பக்கத்துல ஒரே வரிய ரெண்டு தடவ எழுதியிருக்கான். அத மாமியார்கிட்டயும் காட்டினேன்.