6.7 விழுக்காடு: நாம் அருகிவருகிறோமா?

செந்தூல் ஆசிரியை:
வணக்கம். நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். நம் மலேசிய நாட்டு மக்கள்தொகையில் இந்தியர் 1957 இல் ஏறக்குறைய 11 விழுக்காடு, 2010 இல் 7.3, 2020 இல் 6.7 என்று பலகையில் எழுதியபோது, நான்காம் படிவ மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் நாம் அழிந்துகொண்டிருக்கிறோமா, டீச்சர்?" என்று கேட்டாள். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் எவ்வாறு விளக்குவது?

பழைய கணக்கெடுப்பாளர், கோலாலம்பூர்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் விழுக்காட்டை ஒதுக்கிவிட்டுத் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். 1957 இல் இந்தியர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். 2010 இல் சுமார் 19 இலட்சம். 2020 இல் சுமார் 20 இலட்சம். பங்குதான் சுருங்கியிருக்கிறது, எண்ணிக்கை அல்ல. மேலும், 1957 ஆம் ஆண்டுக் கணக்கு தீபகற்பப் பகுதியான மலாயாவுக்கு மட்டும் உரியது. இந்தியர் மிகக் குறைவாக வாழும் சபாவும் சரவாக்கும் 1963 இல் சேர்ந்தபோதே, வகுக்கும் எண்ணாகிய மொத்த மக்கள்தொகை மாறிவிட்டது. 1957 இல் நாட்டில் வசித்த அனைவரையும் கொண்டு கணக்கிட்டார்கள், 6.7 என்பதோ குடிமக்களுக்குள் மட்டும் பார்த்த பங்கு. தோட்டப்புறத்தில் பிறந்தும் குடியுரிமைப் பத்திரம் கிடைக்காமல் நிற்கும் நம்மவர் அதில் இல்லை என்பதுதான் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை.

மகப்பேறு குறைந்ததும், 1969க்குப் பின் வேலை அனுமதி இல்லாமல் பலர் தமிழகம் திரும்பியதும் உண்மையான காரணங்கள்தாம். அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சூலியா தெருக்காரன், பினாங்கு:
ஐயா சொன்னதோடு, எண்ணப்படும் பெயரே மாறிவந்திருப்பதையும் சேர்க்க விரும்புகிறேன். தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த எங்கள் முன்னோரைப் போன்றவர்களை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் குடியேற்றங்கள்) கணக்கெடுப்பு 'ஜாவி பெக்கான்' என்று தனியாக எண்ணியது. பின்னர் அந்தப் பிரிவே இல்லாமல் போயிற்று. இலங்கைத் தமிழர் 1957 இல் 'மற்றவர்' என்ற பிரிவில் இருந்தார்கள். 1970 இல்தான் 'இந்தியர்' ஆனார்கள். இஸ்லாத்தைத் தழுவி, மலாய் பேசி, மலாய் வழக்கத்தின்படி வாழ்பவரே மலாய்க்காரர் என்று அரசியலமைப்பின் 160 ஆவது பிரிவு வரையறுக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு சகோதரர் கணக்கெடுப்புப் படிவத்தில் மலாய் என்று சொன்னார், இன்னொருவர் இந்தியர் என்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. பிறப்போ இறப்போ இல்லாமலே ஓர் இனத்தின் எண் கூடவும் குறையவும் முடியும் என்பதை அந்த மாணவி அறிய வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகி:
அரசியலில் இந்தப் பங்கு பேரத்துக்குரிய எடையாகவே பேசப்படுவதால்தான் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நாடாளுமன்றத் தொகுதி எல்லைகள் வாக்காளர் பட்டியலைக் கொண்டு வகுக்கப்படுகின்றன. அங்கும் தலைக்குத் தலை சமம் இல்லை. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் சுமார் 3 இலட்சம் வாக்காளர்கள், சரவாக்கின் இகான் தொகுதியில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்தான். எத்தனை பேர் என்பதைப் போலவே, எந்த எல்லைக்குள் எண்ணப்படுகிறோம் என்பதும் பெரிது.

செந்தூல் ஆசிரியை:
மூவருக்கும் என் நன்றி. இன்று அந்த மாணவியிடம் பேசினேன். அவளுடைய கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கு வந்தவராம். அப்படியானால் 1957 ஆம் ஆண்டின் அந்த 11 விழுக்காட்டில் அவர் சேரவேயில்லை என்று சொன்னதும், "அவரை எங்கே எழுதினார்கள்?" என்று கேட்டாள். அடுத்த பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கப் போகிறேன்.