புதுப்பிப்பு: குஷிதா கோயிலுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கலாம்?

ஜப்பானின் ஃபுகுவோகாவில் குஷிதா கோயிலுக்குப் போக கியோன் ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும் என்று முன்பு அடித்துச் சொல்லியிருந்தேன். அது பழைய கதை. 2023 மார்ச் 27-இல் நானாகுமா சப்வே லைனை ஹகாட்டா ஸ்டேஷன் வரை நீட்டியபோது, குஷிதா ஜிஞ்ஜா-மாஎ என்று கோயில் பேரிலேயே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டது. இந்த நீட்டிப்பு வேலையின்போதுதான் 2016 நவம்பரில் ஹகாட்டா ஸ்டேஷன் முன்னால் சாலையே உள்வாங்கியது. ஒரே வாரத்தில் பள்ளத்தை மூடிச் சாலையைத் திறந்தார்களே, அதேதான்.

சரி, எதில் இறங்குவது? விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்தால் இப்போதும் கியோன்தான். மூன்றாவது நிறுத்தம், ரயில் மாற வேண்டாம், அப்புறம் கொஞ்ச தூரம் நடை. புது ஸ்டேஷனுக்கு ஹகாட்டாவில் லைன் மாற வேண்டும்.

கியோனில் இறங்கினால் இன்னொரு லாபம், பக்கத்திலேயே தோச்சோஜி என்ற புத்தர் கோயில். உள்ளே 10.8 மீட்டர் உயர மரப் புத்தர் அமர்ந்திருக்கிறார். அவர் பீடத்துக்கடியில் நரகக் காட்சிகளைத் தாண்டினால் கும்மிருட்டான ஒரு பாதை. சுவரைத் தடவிக்கொண்டேதான் நடக்க முடியும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

குஷிதாவில் யாமகாசா விழாவின் பிரம்மாண்ட அலங்காரத் தேரை ஜூன் தவிர மற்ற மாதங்களில் பார்க்கலாம். ஜூலை 15 விடியற்காலை 4:59-க்குத் தேர்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். விழா நாட்களில் தேர் தூக்குகிறவர்கள் வெள்ளரிக்காயைத் தொடமாட்டார்கள். வட்டமாக நறுக்கினால் கோயில் சின்னம் மாதிரியே இருக்குமாம்!