பிரெஞ்சு வெங்காயச் சூப் பாயாசம் மாதிரி இனிக்குது, எங்கை பிழை?

நாவற்பழம்:
வணக்கம். பாரிசுக்கு வந்து பதினொரு வருசம், இப்பதான் முதல்முறையா வெங்காயச் சூப் வீட்டிலை வைச்சன். சனிக்கிழமை மகளின்ரை பள்ளிக்கூடச் சிநேகிதி சாப்பிட வாறா, அதுக்கு ஒத்திகை. மஞ்சள் தோல் பம்பாய் வெங்காயம் ஒரு கிலோ, பட்டர் 60 கிராம். 20 நிமிசத்திலை நல்ல மண்ணிறம். பிறகு ஒன்றரை லீற்றர் தண்ணியும் இரண்டு மாட்டு பூயோன் கட்டியும் (சூப்புக்குக் கரைக்கிற மாட்டிறைச்சிச் சாறுக் கட்டி). வாயிலை வைச்சா முதல் இனிப்பு, பின்னாலை ஒரே உப்பு. வெங்காயம் இழை இழையா இல்லை, கூழாப் போச்சு. மேலை வைச்ச பாண் தாண்டு போச்சு, சீஸ் றப்பராத் திரண்டுது. எதிலை பிழை விட்டன்?

குசினிக்காரன்:
20 நிமிசத்திலை மண்ணிறமோ? அப்பச்சோடா போட்டனீங்களோ தங்கச்சி? சீனியும்?

நாவற்பழம்:
பிடிச்சிட்டியள் அண்ணை. ஒரு வீடியோவைப் பாத்துக் கால் தேக்கரண்டி சோடா, ஒரு மேசைக்கரண்டி சீனி.

குசினிக்காரன்:
பாதிப் பிழை அதுதான். சோடா போட்டா நிறம் கெதியா ஏறும், ஆனா வெங்காயத்தைக் கட்டிவைச்சிருக்கிற பெக்டின் உடைஞ்சு கூழாகும். சீனி தேவையே இல்லை, 100 கிராம் வெங்காயத்திலையே நாலைஞ்சு கிராம் சீனி இருக்கு. மிச்சமெல்லாம் கிட்டத்தட்டத் தண்ணி. அந்தத் தண்ணி போய் முடியுமட்டும் சட்டிக்குள்ளை சூடு 100 பாகையைத் தாண்டாது, தாண்டாமல் ஒழுங்காச் சிவக்காது. நான் வேலை செய்த பிறாசெறியிலை (பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை) ஒரு மணித்தியாலத்துக்குக் குறைய ஒருநாளும் இறக்கினதில்லை.

வெங்காயத்தை வேரிலை இருந்து நுனிப்பக்கமா நீட்டுக்கு அரியுங்கோ, குறுக்கை வெட்டினா கெதியாக் கரையும். நான்ஸ்டிக் தாச்சி வேண்டாம், அடி கனத்த சட்டி எடுங்கோ. பட்டரோடை கொஞ்சம் உப்புப் போட்டு முதல் பத்து நிமிசம் மூடி வையுங்கோ, பிறகு திறந்து நடுத்தர நெருப்பு. காதைக் குடுத்துக் கேளுங்கோ: தண்ணி இருக்குமட்டும் கொதிக்கிற சத்தம், முடிஞ்சாப்பிறகு பொரியிற சத்தம். அப்ப சட்டி அடியிலை மண்ணிறமா ஒட்டத் தொடங்கும். பயப்பிடாதேங்கோ, ருசி முழுக்க அதுக்குள்ளைதான். இரண்டு கரண்டி தண்ணி தெளிச்சு மர அகப்பையாலை சுரண்டிக் கிளறுங்கோ. திரும்ப ஒட்ட விடுங்கோ, திரும்பச் சுரண்டுங்கோ, நாலு தரமாவது. கறுத்தா மட்டும் கைச்சுப் போகும். ஒரு கிலோ கடைசியிலை 300 கிராம் மட்டிலைதான் மிஞ்சும்.

பிறகு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா தூவிப் பிரட்டி, 150 மில்லி வெள்ளை வைன் விட்டு நெடி போகுமட்டும் வத்த விடுங்கோ. பூயோன் கட்டியிலை உப்புத்தான் கூட, மாட்டெலும்பு அவிச்ச தண்ணியெண்டா விசேசம். தைம் எண்ட வாசனை இலையிலை ஒரு கொப்பு, லோறியே இலை (பே லீஃப்) ஒண்டு, அரை மணித்தியாலம் மெல்லிசாக் கொதிக்கட்டும். உப்பைக் கடைசியிலை பாருங்கோ.

முருங்கைக்காய்:
எங்கடை வீட்டிலை மாடு சேர்க்கிறேல்லை. வைனும் பிள்ளையளுக்கெண்டா யோசனை.

குசினிக்காரன்:
கோழி எலும்பு, இல்லாட்டி காய்ஞ்ச காளான் ஊறவைச்ச தண்ணி. வைனுக்குப் பதிலா இறக்கேக்கை ஒரு தேக்கரண்டி அப்பிள் வினாகிரி. இனிப்பை வெட்ட ஏதோ ஒரு புளிப்பு வேணும், அதுதான் கணக்கு.

நாவற்பழம்:
பாணும் சீஸும்? கொந்தே சீஸின்ரை விலையைப் பாத்துப் பையிலை வாற துருவின எமென்தால் சீஸ்தான் வாங்கினன்.

குசினிக்காரன்:
எமென்தால் பிழையில்லை. பாரிஸ் நடுவிலை இருந்த பழைய லே ஆல் சாப்பாட்டுச் சாமான் சந்தையிலை விடியக்காலமை மூட்டை தூக்கின ஆக்களும் குடிச்ச சூப் இது. சந்தை 1969இலை பாரிசுக்கு வெளியிலை இருக்கிற றன்ஜிஸுக்குப் போனாப்பிறகும் அந்தப் பக்கத்துக் கடையளிலை சூப் இருக்கு. ஆனா துருவின பைக்குள்ளை ஒட்டாமலிருக்க உருளைக்கிழங்கு மாத் தூவியிருப்பினம், அதாலை வடிவா உருகாது. கட்டியா வாங்கி நீங்களே துருவுங்கோ, பாதிக்குக் கொந்தே கலந்தாப் போதும்.

முதல்நாள் வாங்கின பகெத்தை (நீட்டுப் பாண்) ஒரு விரல் தடிப்புக்கு வெட்டி அவணிலை இரண்டு பக்கமும் காய வையுங்கோ. தட்டினா டக் எண்டு சத்தம் வரோணும். கோப்பையை விளிம்புக்குக் கிட்ட நிரப்பி, மேலை இடைவெளியில்லாமல் பாண் அடுக்குங்கோ, தாழாது. சீஸைப் பாணைத் தாண்டி விளிம்பிலையும் படப் போடுங்கோ. அவணிலை மேல் கிறில் மட்டும், மூண்டு நாலு நிமிசம். கனநேரம் வைச்சா நெய் பிரிஞ்சு றப்பராகும். பக்கத்திலையே நில்லுங்கோ, ஃபோன் வந்தாலும் எடுக்காதேங்கோ.

நாவற்பழம்:
சனி இரவு எழுதிறன். வெங்காயத்துக்கு மட்டும் 75 நிமிசம், கை உளைஞ்சு போச்சு. இந்தமுறை இழை இழையா நிண்டுது, இனிப்புக்குப் பின்னாலை எலும்புத் தண்ணி ருசி. வந்த பிள்ளை விளிம்பிலை ஒட்டின சீஸைக் கரண்டியாலை சுரண்டிச் சாப்பிட்டா. கொழுவியிருந்த ஜாக்கெட் எல்லாம் வெங்காய மணம், அதுக்கு மகளிட்டைப் பேச்சு வாங்கினன். சூப் அரைச்சட்டி மிச்சம், பிறீசரிலை வைக்கலாமோ?

குசினிக்காரன்:
தாராளமா. பாணும் சீஸும் போடாமல் வையுங்கோ. ஜாக்கெட்டைப் பல்கனியிலை போடுங்கோ.