51 வளையல் பை

குழு: வளைகாப்பு வேலைகள்

வெள்ளிக்கிழமை

நான்: எல்லோரும் ஒரு நிமிடம் இந்தப் படத்தைப் பாருங்கள். [படம்] இதுதான் நான் சொன்ன வளையல் பை. பின்பக்கம் துணி, முன்பக்கம் கண்ணாடி போல பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேலே ஜிப். உள்ளே 6 கண்ணாடி வளையல், குங்குமம், மஞ்சள். திறக்காமலே வளையல் தெரியும். வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கு இதைக் கொடுக்கலாமா?

தங்கச்சி: அக்கா 😍😍

திருவொற்றியூர் அத்தை: பை அழகாகத்தான் இருக்கிறது. எத்தனை பை, யார் தைப்பது?

நான்: 51. நானும் சித்தியும்.

ராயபுரம் சித்தி: என்னை எப்போது கேட்டாய்?

அம்மா: இப்போது கேட்கிறாள் பார்.

ராயபுரம் சித்தி: சரி விடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் 11 வருடம் பை தைத்தேன், என் அக்கா பெண்ணுக்குத் தைக்க மாட்டேனா. பேட்டர்ன் இருக்கிறதா, இல்லை படத்தைப் பார்த்து வெட்டப் போகிறாயா?

நான்: பி.டி.எஃப். இருக்கிறது சித்தி. தம்பி நாளைக்கு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வருவான். துணித் துண்டெல்லாம் படமாகவே போட்டிருக்கிறது, அப்படியே ஒட்டி வெட்டலாம். பிளாஸ்டிக்குக்கு மட்டும் அளவை எழுதியிருக்கிறார்கள்: எட்டரைக்கு 4 இன்ச்.

தம்பி: எனக்கு இது இப்போதுதான் தெரியும்

அம்மா: போய்விட்டு வாடா.

திருவொற்றியூர் அத்தை: வளையல் என்ன சைஸ் வாங்குகிறீர்கள் அண்ணி? போன தடவை எல்லாம் 2-4 வாங்கி ஒருத்தி கையிலும் ஏறவில்லை.

அம்மா: பாதி 2-6, பாதி 2-8.

தம்பி: 2-6 என்றால் 2.6 இன்ச்சா?

ராயபுரம் சித்தி: இல்லடா. இரண்டு இன்ச்சும் அதற்கு மேல் பதினாறில் ஆறு பங்கும். அதாவது 2-4 இரண்டேகால், 2-8 இரண்டரை. அது உள்வட்டம். வளையலின் தடிமனையும் சேர்த்தால் 2-8 வெளியே 3 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 4 இன்ச் ஷீட்டில் தையலுக்கு மேலும் கீழும் கால் கால் போனாலும் மூன்றரை நிற்கும். போதும்.

சனிக்கிழமை

ராயபுரம் சித்தி: கணக்குப் போட்டுவிட்டேன், கேட்டுக்கொள். ஜிப் தனித்தனியாக வாங்காதே, ரோலில் வெட்டி வாங்கு. பைக்கு 9 இன்ச் வீதம் 51 பைக்கு 459 இன்ச், 12 மீட்டருக்குள் அடங்கும். கெட்டுப் போவதற்கும் சேர்த்து 13 வாங்கு. 5 நம்பர் நைலான் ஜிப். 3 நம்பர் மெல்லிசு, பிளாஸ்டிக்கின் விறைப்புக்கு அது தாங்காது. ஜிப்பை இழுத்து மூடுகிற ரன்னர் 5 டஜன். ஷீட் 54 இன்ச் அகலத்தில் வரும், குறுக்கே 6 துண்டு விழும், 9 வரிசை, 36 இன்ச். ஒரு மீட்டரே போதும், நீ ஒன்றரை வாங்கு.

நான்: ஏன் சித்தி, நான் என்ன அவ்வளவு மோசமா?

ராயபுரம் சித்தி: எல்லோரும்தான்மா. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். பிளாஸ்டிக்கில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான்.

நான்: தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினேன். ஷீட் மேசை விரிப்புக் கடையில் கிடைத்தது, 0.3 எம்.எம். ஜிப்பும் ரன்னரும் சவுகார்பேட்டையில். துணிக்கு மட்டும் திரும்பி வந்து எம்.சி. ரோட்டில் கட் பீஸ். மஞ்சளில் சிவப்புப் புள்ளி சுங்குடி. [படம்]

தங்கச்சி: இதில் எனக்கு ஒரு சுடிதார் தேறுமா

அம்மா: முதலில் நனைத்துக் காயப்போடு. சாயம் போகிறதா, சுருங்குகிறதா பார். அப்புறம் வெட்டு.

பெரியப்பா: நல்ல யோசனை. நம் ஊரே அதற்குப் பேர் போனதுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பலில் ஏற்றுகிற துணியைத் துவைத்து வெளுத்தவர்கள் இருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. அந்தப் பக்கம் காலடிப்பேட்டை நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் பேரில் காலெட்பேட்டை என்றிருந்தது, வாய் மாறிக் காலடி ஆகிவிட்டது.

தம்பி: பெரியப்பா ஆரம்பித்துவிட்டார் 🙏

அம்மா: டேய்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: யாராவது இருக்கிறீர்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. [படம்] துணி 51 செட்டும் வெட்டியாயிற்று. ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி மேலே வைத்தால் அரை இன்ச் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று தடவை அளந்துவிட்டேன். ஷீட் சரியாக எட்டரை.

ராயபுரம் சித்தி: துணியை அள.

நான்: 8.

ராயபுரம் சித்தி: பேட்டர்ன் பேப்பரில் ஒரு ஓரமாகக் குட்டிக் கட்டம் போட்டிருப்பான், பக்கத்தில் 1 இன்ச் என்று எழுதியிருக்கும். அதை அளந்து சொல்.

நான்: 24 மில்லிமீட்டர்.

ராயபுரம் சித்தி: ஒரு இன்ச் எவ்வளவு?

நான்: 25.4. ஐயோ.

ராயபுரம் சித்தி: அவ்வளவுதான். பேப்பருக்குள் அடங்க வேண்டும் என்று மெஷின் படத்தைச் சுருக்கிவிட்டது. வெளிநாட்டுக்காரன் அவன் ஊர் லெட்டர் சைஸுக்குப் போட்டிருப்பான், அது எட்டரைக்கு 11. நம் ஊர் ஏ4 அகலத்தில் அதைவிடக் கொஞ்சம் குறுகல், நீளத்தில் கூடுதல். பிரிண்ட் கொடுக்கும்போது 100 சதவீதம் என்று போடச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்தக் கட்டத்தை அளக்காமல் கத்தரியை எடுத்தால் மாஸ்டர் கையைத் தட்டிவிடுவார்.

தம்பி: கடைக்காரர் 'ஃபிட் பண்ணட்டுமா'ன்னு கேட்டார். நல்லதுதானேன்னு சரின்னேன்

நான்: 🤦‍♀️

தம்பி: சாரிக்கா

அம்மா: 51 துண்டும் வீணா? ஆயா பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறார்.

ராயபுரம் சித்தி: ஒன்றும் வீணில்லை. துணி 8 என்றால் ஷீட்டையும் 8 ஆக வெட்டு. பை கொஞ்சம் சின்னதாக வரும், அவ்வளவுதான். உயரத்தை மட்டும் குறைக்காதே, 4 அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் 2-8 இடிக்கும். முன்பக்கம் அதனால் துளி கூடும், அடியில் சேர்த்து வெட்டிவிடலாம். ஜிப் எப்படியும் நீட்டித்தான் வைக்கப் போகிறோம், தைத்த பிறகு நறுக்கிக்கொள்ளலாம்.

நான்: அப்பாடா. வயிற்றில் பால் வார்த்தீர்கள் சித்தி.

திங்கட்கிழமை

நான்: முதல் பை. [படம்] சிரிக்கக் கூடாது.

தங்கச்சி: கிழிந்திருக்கிறதா இல்லை டிசைனா?

நான்: ஜிப்பை ஷீட்டோடு சேர்த்துத் தைத்தேன், நன்றாகத்தான் வந்தது. ஜிப்பை இழுத்தேன், தையல் போன வழியிலேயே தபால்தலை கிழிகிற மாதிரி நேராகக் கிழிந்துவிட்டது. நூல் அறவில்லை, ஷீட்தான் போனது.

ராயபுரம் சித்தி: [குரல் பதிவு 2:41]

தம்பி: கிளாஸில் இருக்கிறேன், யாராவது எழுதுங்கள்

நான்: கேட்டுவிட்டு எழுதுகிறேன், எனக்கும் பிறகு பார்க்க வேண்டும். சித்தி சொன்னது: ரவிக்கை தைக்கிற பொடித் தையலில் தைத்தால் ஓட்டை ஓட்டையாக விழுந்து கிழியத்தான் செய்யும். தையல் நீளத்தை மூன்றரை, நாலு எம்.எம்.முக்கு வைக்க வேண்டும். ஊசி 16 நம்பர், புதிதாக இருக்க வேண்டும். முடிக்கிற இடத்தில் ரிவர்ஸ் போடக் கூடாது, அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சு. குண்டூசி கிட்டேயே வரக் கூடாது, கிளிப்தான்.

அம்மா: கொடியில் போடுகிற கிளிப்பை எடுத்துக்கொள். நாளைக்குத் திருப்பித் தந்துவிடு.

நான்: இன்னொரு தொல்லை. ஷீட் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. ஒரே இடத்தில் நின்று நூல் கும்பலாகிறது.

திருவொற்றியூர் அத்தை: துளி எண்ணெய் தடவு.

ராயபுரம் சித்தி: ஐயோ வேண்டாம், துணியில் இறங்கிவிடும், சுங்குடியில் திட்டுத் திட்டாகத் தெரியும். பட்டர் பேப்பரை ரிப்பன் மாதிரி வெட்டி ஷீட்டுக்கு மேலே வைத்துச் சேர்த்தே தை. அப்புறம் கிழித்தால் வந்துவிடும். அது இல்லையா, முகப் பவுடரை விரலால் லேசாகத் தேய்.

நான்: பட்டர் பேப்பர் ஓடுகிறது!! வழுக்கிக்கொண்டு போகிறது. கிழிக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம், அதற்காகவே இன்னும் 10 தைக்கலாம்.

அம்மா: கரண்ட் மெஷினை விட்டுவிட்டு என் கால் மெஷினில் தைக்கச் சொல்கிறார் ஆயா. ஒவ்வொரு குத்தாக நிறுத்தலாமாம். மூலையில் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொள்ளலாமாம்.

ராயபுரம் சித்தி: ஆயா சொல்வது நூற்றுக்கு நூறு.

செவ்வாய்க்கிழமை

தங்கச்சி: எனக்கும் ஏதாவது வேலை கொடுங்கள். எல்லோரும் ஓய்வெடு ஓய்வெடு என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

நான்: ரன்னர் மாட்டுகிறாயா? 51 இருக்கிறது. நான் மாட்டினால் ஒரு பக்கம் ஏறுகிறது, மறு பக்கம் நழுவுகிறது.

ராயபுரம் சித்தி: முள்கரண்டி இருக்கிறதா? ரன்னரை முள்ளில் செருகி நிறுத்து, கரண்டியின் காம்பை ஒரு புத்தகத்துக்கு அடியில் வை. ஜிப்பின் இரண்டு முனையையும் சமமாக நறுக்கிவிட்டு இரண்டு பக்கத் துளையிலும் ஒன்றாக நுழைத்து உன் பக்கம் இழு. உனக்கு இரண்டு கையும் மிச்சம்.

தங்கச்சி: வந்துவிட்டது!!! [வீடியோ] 20 ஆயிற்று. நூடுல்ஸ் சாப்பிட வாங்கிய கரண்டி.

தம்பி: அந்தக் கரண்டியில் இனி நான் சாப்பிட மாட்டேன்

பெரியப்பா: ஜிப், இந்த வினைல் ஷீட் இரண்டையும் ஒரே பையில் பார்க்கும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. ஜிப்பர் என்று பேர் வைத்தது பி.எஃப். குட்ரிச் என்ற அமெரிக்க ரப்பர் கம்பெனி, 1923இல், அவர்கள் விற்ற மழைக் காலணிக்காக. அதே கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன்தான் 1926இல் விறைப்பான பி.வி.சி.யை இப்படி வளைகிற பொருளாக ஆக்கினார். நீ தைப்பது ஒரே வீட்டுப் பிள்ளைகளை.

நான்: பெரியப்பா, இது நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

தம்பி: இதை ஒத்துக்கொள்கிறேன்

புதன்கிழமை

நான்: ஒரு துயரச் செய்தி. மிச்ச ஷீட்டை அத்தை வீட்டில் வைத்திருந்தேன் அல்லவா.

திருவொற்றியூர் அத்தை: நல்லதுக்குத்தான் செய்தேன்மா. தூசி படக் கூடாது என்று பேப்பரில் சுற்றி, மேலே தலையணை வைத்தேன்.

நான்: செய்தித்தாளின் மை ஷீட்டில் ஏறிவிட்டது. எழுத்தெல்லாம் இடவலமாக. கண்ணாடியில் காட்டிப் படித்தால் 'மணமகள் தேவை'. [படம்]

தங்கச்சி: 😂😂😂 வளைகாப்புப் பையில்!

தம்பி: அந்தப் பை எனக்கு

அம்மா: உனக்கு எதற்குடா?

ராயபுரம் சித்தி: ஷீட் வளைய வேண்டும் என்று அதில் ஒரு எண்ணெய் கலப்பார்கள், அதுதான் மையை இழுக்கிறது. இந்த வெயிலுக்கு இன்னும் வேகமாக இழுக்கும். வெள்ளைத் தாளோ பழைய வேட்டியோ வைத்துத்தான் சுற்ற வேண்டும். எத்தனை துண்டு போயிற்று?

நான்: 7. நீங்கள் ஒன்றரை மீட்டர் வாங்கச் சொன்னதால் பிழைத்தேன்.

வியாழக்கிழமை

நான்: இரவு 11 மணி. 46 முடிந்தது. 47ஆவது பையை நாலு பக்கமும் தைத்து, நூல் வெட்டி, நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பலாம் என்று கையை விடப் போனால் வழியே இல்லை.

ராயபுரம் சித்தி: ஜிப்பைத் திறந்து வைக்காமல் தைத்துவிட்டாய்.

நான்: ஆமாம். 46 பைக்கு மறக்கவில்லை.

ராயபுரம் சித்தி: துணி வழியாக ரன்னர் கையில் தட்டுப்படும், உள்ளே தள்ளித் தள்ளி நகர்த்திப் பார். நகராவிட்டால் அடித் தையலைப் பிரி. பிரித்தால் பழைய ஓட்டைக்குள்ளேயே ஊசி இறங்குகிற மாதிரி கையால் தை. புது ஓட்டை போடாதே.

நான்: நகர்ந்துவிட்டது! ஆனால் திருப்பும்போது ஷீட் மடங்கி வெள்ளைக் கோடு விழுகிறது சித்தி. மற்றதில் விழவில்லை.

ராயபுரம் சித்தி: மற்றதெல்லாம் பகலில் திருப்பினாய். காலையில் 10 நிமிடம் மொட்டை மாடி வெயிலில் போடு, அப்பளமாக இருப்பது துணி மாதிரி ஆகிவிடும். அப்புறம் திருப்பு. அயர்ன் பாக்ஸ் பக்கம் மட்டும் போய்விடாதே.

அம்மா: இப்போது போய்த் தூங்கு. வெயில் எங்கேயும் போகாது.

சனிக்கிழமை

நான்: 51. [படம்] [படம்]

தங்கச்சி: எனக்கு அழுகை வருகிறது அக்கா 🥹

திருவொற்றியூர் அத்தை: கடையில் வாங்கினால்கூட இப்படி வராது. சிவப்பு வளையல் வைத்தது எடுப்பாக இருக்கிறது, பச்சை கொஞ்சம் மங்கல்.

பெரியப்பா: எனக்கு ஒன்று எடுத்து வைம்மா. ஓய்வூதியப் புத்தகம் வைக்க.

அம்மா: ஆயாவும் ஒன்று கேட்கிறார். வெற்றிலை பாக்குக்கு.

நான்: துண்டு மிச்சம் இருக்கிறது, நாளைக்கே தைத்துவிடுகிறேன்.

அம்மா: ஆனால் முன்னால் பிளாஸ்டிக் வேண்டாமாம். இரண்டு பக்கமும் துணியே போடச் சொல்கிறார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமாம்.

தம்பி: பாக்கா?

அம்மா: பாக்கு இல்லடா.