உள்ளூரில் காசுக்குத் தரச்சான்று நிலையம் தொடங்கினால் வருவீர்களா?

செந்தூல்காரன்:
வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் கோலாலம்பூரில் ஒரு கிரேடிங் நிலையம், அதாவது பழைய காசு அசலா, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று பார்த்து, எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் இடம், தொடங்கலாமென்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வருடம் ஒரு முகவர் வழியாக 11 காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்பினேன், திரும்பி வர ஏழு மாதம் ஆனது. கட்டணம், போக வர அனுப்பும் செலவு, காப்புறுதி, முகவர் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அதில் நாலு காசுக்கு அதன் விலையைவிடப் பெட்டியில் அடைத்த செலவுதான் அதிகம். 1939ஆம் வருடத்து சதுர ஒரு காசு, ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது, எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அதற்கு இப்படிச் செலவு செய்ய முடியுமா?

எங்கள் திட்டம் இதுதான். துல்லியத் தராசு, நுண்ணோக்கி, உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவி வாடகைக்கு. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து 70 புள்ளி அளவுகோலில் எண் கொடுப்போம். அப்புறம் ஒட்டி மூடிய ஸ்லாப் (அந்தப் பிளாஸ்டிக் பெட்டி), அதில் ஒரு பதிவு எண், அந்த எண்ணை இணையத்தில் தட்டினால் காசின் படம் வரும். கட்டணம் நம் பைக்கு ஏற்றபடி. ஒளிக்காமல் கருத்து சொல்லுங்கள்.

தண்ணீர்மலையான் (பினாங்கு):
தம்பி, கேட்டதால் சொல்கிறேன், தேவையில்லை. முப்பது வருடத்துக்கு மேல் காசு சேர்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 70 புள்ளி எங்கிருந்து வந்தது? 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்ட கணக்கு அது. 1 என்று மதிப்பிட்ட காசைப் போல 70 என்ற காசு எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் எண்ணம். அந்த விலைக் கணக்கு என்றைக்கோ செல்லாமல் போய்விட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று இரண்டு அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் வந்து காசைப் பெட்டியில் அடைத்து எண் போட்டார்கள். அங்கே கண்டம் முழுக்க விரிந்த சந்தை, ஒரு கரையில் இருப்பவர் மறுகரையில் இருக்கும் காசைக் கண்ணால் பார்க்காமலே வாங்க வேண்டும், அதனால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நமக்கு? ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பக்கம் அம்கோர்ப் மாலில் கூடும் பழைய பொருள் சந்தைக்குப் போனால் காசு கையில். காலையில் இங்கே பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் கையில். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால் அது தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

இன்னொன்று. அந்தப் பெரிய நிறுவனங்களின் பெட்டிக்கு மதிப்பு பிளாஸ்டிக்கால் வந்ததில்லை. தவறாகச் சான்று கொடுத்தால் நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம் என்ற உத்தரவாதம் பின்னால் நிற்கிறது. பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள காசு ஒன்று நாளைக்குப் போலி என்று தெரிந்தால் உங்கள் மூன்று பேரில் யார் பணம் கொடுப்பீர்கள்?

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடம் முன்பு ஒரு பெட்டிக் காசு வாங்கினேன், 1920ஆம் வருடத்து ஸ்ட்ரெய்ட்ஸ் (பிரிட்டிஷார் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) வெள்ளி டாலர். அந்த நிலையத்தின் பெயர் வேண்டாம். 64 என்று போட்டிருந்தது. சந்தேகத்தில் பெட்டியை உடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன். ‘தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு எண்ணே இல்லாமல் திரும்பி வந்தது. கொடுத்ததில் பாதிக்குக் கீழேதான் விற்க முடிந்தது.

பட்டர்வொர்த் பேத்தி:
ஐயா சொல்வது அனுபவம் உள்ளவர்களுக்குச் சரி. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் டின்னில் இருந்து ஒன்பது வெள்ளிக் காசு எனக்கு வந்தது, அதில் இரண்டு 1903ஆம் வருடத்து எட்வர்ட் தலை டாலர், ஒன்று பிரிட்டானியா (கையில் சூலம் ஏந்திய பெண் உருவம்) நிற்கிற டிரேட் டாலர், பிரிட்டிஷார் ஆசிய வணிகத்துக்காக அடித்த வெள்ளிக் காசு. அந்த ஆசையில் நானே பழைய பொருள் சந்தையில் இன்னொரு டிரேட் டாலர் வாங்கினேன், 180 வெள்ளி. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. காந்தம் ஒட்டவில்லை. நகைக்கடைத் தராசில் 26.9 கிராம், அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு 64, 65 எல்லாம் வேண்டாம். நல்லதா போலியா, அதைச் சொல்ல இந்த ஊரில் ஓர் இடம் இருந்தால் நாளைக்கே வருவேன்.

கிள்ளான் கடைக்காரர்:
நான் வியாபாரி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு வருகிற இளைஞர்கள் பாதிப் பேர் காசையே பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சந்தை இருக்கிறது, வேண்டாமென்று நாம் சொல்வதால் போய்விடாது. உள்ளூர் நிலையம் வந்தால் 50, 100 ரிங்கிட் விலையுள்ள காசுகளுக்கும் ஒரு வழி பிறக்கும். நான் ஆதரிக்கிறேன்.

செந்தூல்காரன், ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். நீங்கள் மூவரும் காசு வாங்கி விற்பவர்கள்தானே?

செந்தூல்காரன்:
எல்லோரும் இல்லை அண்ணே, ஒருவர் மட்டும் விற்பனை செய்கிறார். மற்ற இருவரும் சேகரிப்பாளர்கள்.

தண்ணீர்மலையான்:
அப்படியென்றால் பேச்சு இங்கேயே முடிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் காசுக்கு 63 போடுவதா 65 போடுவதா என்று தயங்குகிற இடத்தில் மனிதன் 65தான் போடுவான், அதில் கெட்ட எண்ணமே இருக்க வேண்டியதில்லை. என்ஜிசியில் வேலை செய்பவர்கள் காசு வியாபாரம் செய்யக்கூடாது என்ற விதியை வைத்ததே இதற்காகத்தான். தரம் பார்ப்பவருக்குக் காசு யாருடையது என்றே தெரியக்கூடாது. நம் வட்டம் எவ்வளவு சின்னது, யார் கையில் எந்தக் காசு இருக்கிறது என்று எனக்கே பாதி தெரியும். மறைத்துக் கொடுத்தாலும் பார்த்தவுடன் ‘ஓ, இது கிள்ளான்காரருடையது’ என்று தெரிந்துவிடுமே.

ஈயக்காசு:
நான் இரண்டு பக்கமும் சேராமல் ஒன்று சொல்கிறேன். கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் பழைய பிட்டிஸ் காசு சேர்க்கிறவன் நான். வெள்ளீயத்தை உருக்கி அச்சில் வார்த்த காசு. மரம்போல் கிளை கிளையாக வார்த்து, பிறகு ஒவ்வொன்றாக ஒடித்தெடுப்பார்கள், ஒடித்த இடத்தில் விளிம்பில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். ஷெல்டன் கணக்கு இயந்திரத்தில் அடித்த காசுக்கானது, அடிக்கும்போது உலோகம் ஓடி வருகிற அந்தப் பளபளப்பை வைத்துத்தான் 60க்கு மேலே எண் ஏறுகிறது. வார்த்த காசில் அந்தப் பளபளப்பு பிறக்கவே பிறக்காது, அதற்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்? அதைவிட முக்கியம், போன சில வருடங்களில் புதிதாக வார்த்த போலிகள் நிறையப் பார்க்கிறேன். அந்தத் தழும்பை அரத்தால் ராவியிருப்பார்கள், நிறம் மட்டும் பழசாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள், என்ஜிசி இருக்கிற ஃபுளோரிடாவில் தேடிப் பயனில்லை. அந்த அறிவு அவர்களோடு போய்விடுமோ என்பதுதான் என் கவலை. நிலையம் தொடங்குவதென்றால் அந்த அறிவைப் பிடித்து வைக்கிற நிலையமாகத் தொடங்குங்கள்.

தண்ணீர்மலையான்:
ஈயக்காசு சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

பட்டர்வொர்த் பேத்தி, உங்களுக்கு நிலையமே வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். சமையல் தராசில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாவது காட்டுகிற தராசு வேண்டும். அதன்மேல் தண்ணீர் வைத்த தம்ளரை வையுங்கள், பூஜ்யமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள், அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுகிற எண்ணைப் பாருங்கள், அதுதான் காசின் பருமன். டிரேட் டாலர் 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. உண்மையான காசானால் 2.6 காட்ட வேண்டும். செம்பு நிக்கல் கலவை என்றால் 3.0 பக்கம் போகும், பித்தளை இன்னும் கொஞ்சம் கூட. எடையை ஏமாற்றலாம், எடையையும் பருமனையும் சேர்த்து ஏமாற்றுவது கஷ்டம். அப்புறம் பிரிட்டானியா கையில் இருக்கிற சூலத்தின் நடு முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பம்பாயில் அடித்த காசென்றால் அங்கே பொடியாக ஒரு ‘பி’ எழுத்து தெரியும்.

பாட்டியின் காசை மட்டும் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை, எதுவும் கூடாது. நம் வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளிக் குத்துவிளக்கோடு சேர்த்துக் காசையும் விபூதி போட்டுத் துலக்கியதால் நாசமான டாலர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

செந்தூல்காரன்:
ஐயா, நீங்கள் இப்போது செய்ததுதான் நாங்கள் செய்ய நினைப்பது! வித்தியாசம் என்னவென்றால், இதைப் பார்த்த 50 பேருக்குத் தெரியும், பார்க்காதவர் 180 வெள்ளி கொடுத்து ஏமாறுவார். உங்களிடம் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும்தானா உதவி?

உத்தரவாதம் பற்றிச் சொன்னது உண்மை, எங்களிடம் அந்தப் பணம் இல்லை. விற்பனை செய்கிற நண்பரோடு நேற்று இரவு பேசினேன், அவர் தரம் பார்ப்பதிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அது மட்டும் போதாது என்று தெரிகிறது. அதனால் திட்டத்தை மாற்றுகிறேன். முதல் இரண்டு வருடம் எண்ணே கிடையாது. அசலா, போலியா, அசல்தான் ஆனால் தேய்த்தது அல்லது பற்றவைத்தது, இந்த மூன்றில் ஒன்றை எழுதி, எடை, விட்டம், கலவை, படம் சேர்த்து ஒரு தாளாகத் தருவோம். பெட்டியும் வேண்டாம், காசைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்றே எழுதுவோம், அதற்குக் கட்டணம் வாங்கமாட்டோம்.

கிள்ளான் கடைக்காரர்:
எண் இல்லாமல் என் வாடிக்கையாளர் ஒருவர்கூட வரமாட்டார். நல்ல மனசுதான், ஆனால் வாடகை யார் கட்டுவது? எக்ஸ்ஆர்எஃப் கருவிக்காரர் மனசைப் பார்த்து விலை குறைக்கமாட்டார்.

ஈயக்காசு:
அண்ணே, எண்ணில் தொடங்கி நம்பிக்கையைத் தேடுவதைவிட, நம்பிக்கையில் தொடங்கினால் எண் பின்னால் வரும். 1903 டாலரில் ‘பி’ குழிந்தும் இருக்கும், எழும்பியும் இருக்கும், இரண்டுக்கும் விலை வேறு. இதைச் சரியாகப் பிரித்துச் சொல்லி எழுதித் தந்தாலே நான் கட்டணம் கட்டுவேன்.

பட்டர்வொர்த் பேத்தி:
செய்து பார்த்துவிட்டேன். பாட்டியுடையது 2.6. நான் வாங்கியது 3.1. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் 3.1. சூலத்தில் எழுத்தும் இல்லை, இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கிடக்கிறது. 180 வெள்ளி போனது வருத்தம்தான், ஆனால் இப்போது தெரிந்துவிட்டது.

ஒரு கேள்வி. பாட்டியின் 1903 டாலர் ஒன்றில், மேல் விளிம்பில் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு இருக்கிறது. அம்மா சொல்கிறார், அதை வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துப் பாட்டி கழுத்தில் போட்டிருந்தாராம், கல்யாணத்துக்கு எடுத்த படத்தில்கூட இருக்கிறது. இதைச் சான்றுக்குக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்?

தண்ணீர்மலையான்:
‘பற்றவைத்த தழும்பு’ என்று எழுதுவார்கள் அம்மா, விலையும் பாதிக்குமேல் போய்விடும். அது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் படத்தையும் காசையும் சேர்த்தே வைத்திருங்கள். எவ்வளவு கொடுத்தாலும் விற்காதீர்கள்.

செந்தூல்காரன் தம்பி, நான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒன்று செய்வோம். அடுத்த மாதம் கோலாலம்பூர் வருகிறேன். 20 காசு கொண்டு வருகிறேன், டாலர், டிரேட் டாலர், சதுரக் காசு, இரண்டு பிட்டிஸ். அதில் எத்தனை போலி என்று சொல்லமாட்டேன். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாக எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து அதே காசுகளை வேறு வரிசையில் மறுபடி கொண்டு வருவேன், மறுபடி எழுதுங்கள். இரண்டு தடவையும் இருவர் தாளும் ஒத்துப்போனால் என் சேகரிப்பில் இருக்கிற ஐந்து காசை முதல் ஆளாகக் கட்டணம் கட்டிக் கொடுக்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் இங்கேயே எழுதுவேன்.

செந்தூல்காரன்:
வாருங்கள் ஐயா. தேதி சொல்லுங்கள், கருவியை அன்றைக்கு வாடகைக்கு எடுத்துவைக்கிறேன். ஈயக்காசு அவர்களே, அந்த இரண்டு பிட்டிஸையும் பார்க்கும்போது நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார முடியுமா? எங்களுக்கு அது தெரியாது.

ஈயக்காசு:
வருகிறேன். ஞாயிறு மட்டும் வேண்டாம்.