முதல் ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, பிசிபியா?

சேலத்தில் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிற அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்க. 10 மீட்டர் பயிற்சிக்கு முதல் துப்பாக்கி வாங்கணும், கையில் இருப்பது இருபதாயிரம்தான். செமி ஆட்டோமேட்டிக் ஆசை லைசென்ஸ் பேச்சு வந்ததுமே போய்விட்டது, 0.177 காலிபரில் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்), குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் அதுதான்.

ஸ்பிரிங் வகை மலிவு, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்துச் சுட்டால் போதும், ஆனால் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கியே உதறுவதால் பிடி கொஞ்சம் மாறினாலும் குறி தள்ளிப்போகிறது. பிசிபியில் (முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் வகை) அந்தத் தொல்லை குறைவு, ஆனால் காற்றடைக்க உயர் அழுத்தக் கைப்பம்பு தனிச் செலவு (சைக்கிள் பம்பெல்லாம் பக்கத்தில்கூட வராது).

பழைய பிசிபி கிடைத்தால் எடுக்கலாமா? சீல் கசிகிறதா என்று கடையிலேயே எப்படிப் பார்ப்பது? அஸ்தம்பட்டி பக்கம் பெல்லட் கிடைக்குமா, இல்லை கோயம்புத்தூர்தான் போகணுமா?