சின்ன ஃபிளாட்டுக்கு எந்த வாட்டர் ஹீட்டர் சிக்கனம்? 3 லிட்டரா, 15 லிட்டரா, ராடா?

வண்ணை_வாசி:
பழைய வண்ணாரப்பேட்டையில மூணாவது மாடி, ஒரே பெட்ரூம் வாடகை ஃபிளாட். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி, சித்திரை மாசத்துலகூட வெந்நீர்லதான் குளிப்பாங்க. எங்களுக்கு கார்த்திகையிலிருந்து தை முடியுற வரைக்கும் போதும். இப்போ கேஸ் அடுப்புல அண்டா வெச்சு பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறோம். ஈரத் தரையில அதைத் தூக்கிட்டு நடக்கிறதை முதல்ல நிறுத்தணும். கடையில 3 லிட்டர் இன்ஸ்டன்ட் மூவாயிரத்துச் சொச்சம், 15 லிட்டர் 5 ஸ்டார் எட்டாயிரம் கிட்ட சொல்றாங்க. கரண்ட் பில் எதுல கம்மியா வரும்?

பெரம்பூர்க்காரி:
இன்ஸ்டன்ட் வாங்குங்க சகோ. நம்ம ஊர்ல மார்கழிக் காலையில குழாய்த் தண்ணி ஏறக்குறைய 25 டிகிரி இருக்கும். குளிக்க 40 போதும். 20 லிட்டர் பக்கெட்டை 15 டிகிரி ஏத்துறதுக்கு 0.35 யூனிட்தான் ஆகும். மூணு பேர் குளிச்சா ஒரு நாளைக்கு ஒரு யூனிட். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் அதே சூட்டுல நிமிஷத்துக்கு 3 லிட்டர் கிட்ட கொடுக்கும், ஏழு நிமிஷத்துல பக்கெட் நிறைஞ்சிரும். குளிச்சு முடிச்சதும் உள்ள மிச்சம் நிக்கிறது 3 லிட்டர்தான். 15 லிட்டர்ல ஒருத்தர் குளிச்சுட்டுப் போனா மீதிச் சூடு வீண்.

உப்புக்காற்று:
கணக்கு சரி, ஆனா தண்ணியை விட்டுட்டீங்க. நான் திருவொற்றியூர். காட்டுப்பள்ளியில 2010-ல ஓட ஆரம்பிச்ச கடல்நீர் ஆலையை நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணி எடுக்கத்தான் கட்டினாங்க, வடசென்னைக்கும் சேர்த்து. அப்படியும் எங்க அபார்ட்மென்ட்ல போர் தண்ணியைக் கலந்துதான் மாடி டேங்குக்கு ஏத்துறாங்க, வண்ணாரப்பேட்டையிலயும் அப்படி நிறைய பில்டிங் இருக்கு. எங்க வீட்டு இன்ஸ்டன்ட்டைக் கழட்டினப்போ தண்ணியைச் சுட வைக்கிற எலிமென்ட்டே கண்ணுக்குத் தெரியல. வெள்ளை ஓடா உப்பு படிஞ்சிருந்துச்சு, ஸ்க்ரூடிரைவரால தட்டினா சில்லு சில்லா விழுந்துச்சு. சின்ன டேங்குக்குள்ள 3000 வாட் எலிமென்ட் அவ்வளவு சூடாகும்போது உப்பு வேகமா படியும், அது மேல மூடிக்கிட்டா எலிமென்ட் எரிஞ்சு போகும். உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு (கிளாஸ் லைனிங்) உள்ள 15 லிட்டர்ல 2000 வாட், கூடவே டேங்குக்குள்ள மக்னீசியம் ராடு. உப்பு அரிக்கிறதை அந்த ராடு தான் வாங்கிக்கும், டேங்க் தப்பிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஹீட்டர் மாத்துறது சிக்கனமா?

கொருக்குப்பேட்டை:
ரெண்டுமே எதுக்கு? பக்கெட் தண்ணிக்குள்ள விடுற 1500 வாட் ஹீட்டர் ராடு போட்டா ஒரு பக்கெட் கால் மணி நேரத்துக்குள்ள ரெடி. விலை ஐநூறு, அறுநூறு ரூபாய். ராடு கரண்ட்டைக் குடிக்கும்னு சும்மா சொல்றாங்க. ராடோ கீசரோ, இழுக்கிற கரண்ட் பூரா தண்ணிக்குள்ளதானே சூடா போகுது. வாடகை வீடு, நாளைக்குக் காலி பண்ணும்போது பையில போட்டுக்கிட்டு போயிடலாம்.

ஒயர்மேன்:
தம்பி, கரண்ட் விஷயத்துல நீ சொல்றது முழுக்க சரி. ஆனா மூட்டுவலி உள்ள அம்மா இருக்கிற வீட்டுக்கு இதைச் சொல்லாத. தண்ணி சுட்டிருக்கான்னு சுவிட்சை அணைக்காம கையை விட்டுப் பார்க்கிறவங்க எத்தனை பேர்! ராடோட உறையில ஒரு கீறல் விழுந்திருந்தா உசிருக்கே ஆபத்து. ராடுதான்னா ஐ.எஸ். 368 முத்திரை பார்த்து வாங்கி, பிளக்கை உருவிட்டுத்தான் பக்கெட் பக்கம் போகணும். தினமும் மூணு பக்கெட்டுக்கு மூணு தடவை இப்படி ஜாக்கிரதையா இருக்க யாராலயும் முடியாது.

இப்போ கேள்வி கேட்டவருக்கு. 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினா தானா அணையுற சுவிட்ச்) வேணும். 2 கிலோவாட் 9 ஆம்பியர் கூட இல்ல. பழைய பில்டிங்ல பாத்ரூம் லைட் லைன்ல இருந்தே ஒயர் இழுத்து வெச்சிருப்பாங்க, அதுல எதை மாட்டினாலும் ஒயர்தான் சுடும். மாடலைப் பத்திச் சண்டை போடுறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு பாருங்க. கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பா போடுங்க.

பெரம்பூர்க்காரி:
ஒயர்மேன் அண்ணே, நன்றி. உப்புக்காற்று, எலிமென்ட் மாத்துறது சில நூறு ரூபாய் வேலை, அதுக்காக யாரும் ஹீட்டரையே தூக்கிப் போடுறதில்ல. அம்மா மட்டும் வெந்நீர்ல குளிக்கிற ஒன்பது மாசத்தை யோசிங்க. 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏத்த 0.6 யூனிட். அவங்களுக்கு வேண்டியது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் சும்மா ஆறும். ஸ்டார் லேபிளும் தண்ணி சுட்டு நிக்கும்போது சூடு எவ்வளவு வெளிய போகுதுன்னு பார்த்துத்தான் கொடுக்கிறாங்க. நாள் பூரா ஆன்ல வைக்கிறவங்களுக்குத்தான் அது ஆதாயம். 20 நிமிஷம் போட்டு அணைக்கிற வீட்டுக்கு 5 ஸ்டாரும் 3 ஸ்டாரும் பில்லுல பெரிய வித்தியாசம் காட்டாது.

உப்புக்காற்று:
60-க்கு ஏன் ஏத்தணும்? எந்தச் சூட்டுல நிக்கணும்னு வைக்கிற தெர்மோஸ்டாட் திருகு வெளியில இருக்கிற மாடலா வாங்கி அம்மா குளிக்கிறப்போ 45-ல வைங்க. அந்த 15 லிட்டரோட 5 லிட்டர் பச்சைத் தண்ணி கலந்தா 40 டிகிரியில சரியா ஒரு பக்கெட். அதே 0.35 யூனிட்தான். உப்பும் கம்மியா படியும். மழைக்காலத்துல மூணு பேரும் வரிசையா குளிக்கும்போது 60-ல வைங்க, 35 லிட்டர் கிடைக்கும், அடுத்தவர் காத்திருக்க வேணாம். இன்ஸ்டன்ட்டுல வோல்டேஜ் 200-க்கு இறங்கினா 3 கிலோவாட் 2.3-க்கு வந்துடும், தண்ணி வெதுவெதுன்னுதான் வரும்.

பெரம்பூர்க்காரி:
வோல்டேஜ் இறங்குறது மே மாசம் ராத்திரி, எல்லார் வீட்டு ஏசியும் ஓடும்போது. வெந்நீர் போடுறது மார்கழி காலையில. அந்த வாதம் நிக்காது. அப்புறம் 45-ல விட்டுட்டு ஊருக்குப் போயிட்டா, வெதுவெதுப்பா தண்ணி தேங்கி நிக்கும், லெஜியோனெல்லா பாக்டீரியா வளர ஏத்த சூடு அதுதான். வயசானவங்க நுரையீரலுக்கு அது நல்லதில்ல. வாரத்துக்கு ஒரு நாளாவது 60-க்கு ஏத்தணும், அதையும் சொல்லிட்டு 15 லிட்டரை வாங்கச் சொல்லுங்க.

உப்புக்காற்று:
அது நியாயமான பேச்சு. வாரம் ஒருக்கா ஏத்தட்டும். ஆனா அதுக்காக இன்ஸ்டன்ட்டுன்னு நான் சொல்லமாட்டேன்.

காலடிப்பேட்டை:
மொட்டை மாடியில சோலார் போட்டா பில்லே இல்லையே?

ஒயர்மேன்:
மாடி எல்லாருக்கும் பொது, இவர் வாடகைக்கு இருக்கார், குழாய் மூணு மாடி இறங்கணும். இவருக்கு ஒத்துவராது.

வண்ணை_வாசி:
எல்லாருக்கும் நன்றி. எங்க ஏரியா எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டு வந்து பாத்ரூம் சாக்கெட்டைக் கழட்டிப் பார்த்தோம். மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல, எர்த்துக்குன்னு ஒண்ணும் இழுக்கவே இல்ல. லைன் 1 ஸ்கொயர் எம்எம். ஹவுஸ் ஓனர்கிட்ட காட்டினேன், மீட்டர் போர்டுல இருந்து தனி லைன் இழுக்க பாதிச் செலவு தர்றேன்னு சொல்லியிருக்கார். எங்க பில்டிங்கும் போர் தண்ணி கலப்புதான், அதனால 15 லிட்டர், 2 கிலோவாட், வெளியில திருகு வெச்சது பக்கம் சாஞ்சிருக்கேன். மழைக்காலத்துல ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட் கூடினாலும் ஏசி ஓடாத மாசம், ரேட் கூடுற 500 யூனிட் ஸ்லாப்பைத் தொடாது. அண்டாவை மனைவி பரண்மேல ஏத்தச் சொல்லிட்டாங்க.

பெரம்பூர்க்காரி:
நான் இன்னமும் இன்ஸ்டன்ட்தான் சொல்வேன், தண்ணிக்காக எடுக்கிறீங்கன்னா சரி. சுவிட்சை பாத்ரூமுக்கு வெளிய, அம்மா கைக்கு எட்டுற உயரத்துல வைங்க. சேஃப்டி வால்வை மூடிட்டுப் போக விடாதீங்க, அதுல அப்பப்போ சொட்டுறது சரிதான்.

ஒயர்மேன்:
சுவர் நாலரை இஞ்ச்சான்னு பார்த்துட்டு ஹோல் போடச் சொல்லுங்க. தண்ணியோட 20 கிலோவுக்கு மேல வரும், ஆங்கர் போல்ட்தான் போடணும்.